பீருக்குள் வந்த எங்கள் வீட்டு வாசனை

போன வாரம் என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். மாப்பிள்ளை அழைப்பில் அப்புறம் என்ன ஆச்சு என்று நாலைந்து பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இருங்கள், அது எங்கேயும் ஓடிப்போகாது. இந்த வாரம் ஒரு முப்பது வருஷத்தைத் தாண்டிக் குதிக்கிறேன். நேற்று துணி அலசும்போது ஒரு நாள் ஞாபகத்துக்கு வந்து, தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். மறப்பதற்குள் அதை எழுதிவிடுகிறேன்.

பெங்களூர். காலை பதினொரு மணி. கையில் ஒரு கண்ணாடி டம்ளர் நிறைய பீரோடு நான் நின்றுகொண்டிருக்கிறேன். நான்! உத்தனப்பள்ளியிலிருந்து பஸ் ஏறி, ஓசூரில் மாறி, அத்திப்பள்ளி தாண்டிப் போனது இதற்குத்தானா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

எதிரில் என் மகன் நவீன். பக்கத்தில் அவனுடைய முதலாளி கிரீஷ். கன்னடக்காரர், நாற்பது வயசு இருக்கும், தூங்கி நாலு நாள் ஆன முகம். சுற்றிலும் ஆளைவிட உயரமான எவர்சில்வர் டேங்குகள். முளைகட்டிய தானியத்தைக் கொதிக்கவைத்த வாசனை அந்தக் கூடம் முழுக்க நிறைந்திருந்தது.

"குடிபேடி அம்மா. வாசனே நோடிதரெ சாக்கு" என்றார் கிரீஷ். குடிக்க வேண்டாம், மோந்து பார்த்தாலே போதும் என்கிறார். எங்கள் பக்கத்தில் கன்னடத்தைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை, பஸ்ஸில் நாலு நாள் போய்வந்தால் தானாக வந்துவிடும்.

விஷயம் இதுதான். அங்கே பீர் காய்ச்சுகிறவன் என் மகன். ஆறு மாசம் வேலையைப் பார்த்துவிட்டு நிரந்தரம் பண்ணுவதாகப் பேச்சு. அந்த ஆறாவது மாசத்தில், மூன்று டேங்க் பீர் வரிசையாகப் புளித்துப்போய்விட்டது. காரணம் ஒருவருக்கும் தெரியவில்லை. நாலாவதும் புளித்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று கிரீஷ் சொல்லிவிட்டார். "எங்கம்மா மூக்கு மெஷின் மாதிரி சார், ஒரு தடவை மோந்து பாக்கட்டும்" என்று இவன் கெஞ்சி, என்னை வரவழைத்திருந்தான்.

மோந்தேன். ஒரே மோப்பம்தான்.

அது எங்கள் வீட்டு வாசனை.

"என்னம்மா தெரியுது?" என்றான் நவீன்.

"ஒண்ணும் தெரியலப்பா. ரெண்டு நாளா எனக்கு ஜலதோஷம்" என்றேன்.

எனக்கு ஜலதோஷமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஏன் அப்படிப் புளுகினேன் என்று சொல்ல, எங்கள் வீட்டுத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நடுவில் ஒரு பத்து நாள்

நாங்கள் வினிகர் காய்ச்சுகிறவர்கள். ஆசிடில் தண்ணீர் கலந்து பாட்டிலில் அடைக்கிறார்களே, அந்த ரகம் இல்லை. பழத்தைப் பிழிந்து, புளிக்கவைத்து, மாசக்கணக்கில் காத்திருந்து எடுக்கிற வினிகர்.

ஆரம்பித்து வைத்தவர் என் வீட்டுக்காரருடைய தாத்தா. வெள்ளைக்காரன் காலத்தில் பெங்களூர் தண்டில், பட்டாளத்துக்காரர்கள் இருந்த பக்கம், ஒரு துரை வீட்டுச் சமையலறையில் வேலைக்கு இருந்தாராம். அங்கே கற்றுக்கொண்டதை, ஒரு மரப் பீப்பாயோடு சேர்த்து ஊருக்குக் கொண்டுவந்தார். அந்தப் பீப்பாயை அவர்களே கொடுத்தார்களா, இவரே உருட்டிக்கொண்டு வந்துவிட்டாரா என்று எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. நான் இரண்டாவது கட்சி.

இந்தத் தொழிலில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. பழச்சாறு நேராக வினிகர் ஆகிவிடாது. முதலில் அது சாராயம் ஆகும். அப்புறம்தான் வினிகர். நடுவில் ஒரு பத்து நாள், எங்கள் கொட்டகையில் இருப்பது சாராயமேதான், வேறு பேர் வைத்து மழுப்ப முடியாது.

மதுவிலக்கு நாளில் ஒரு போலீஸ் அதிகாரி சரியாக அந்தப் பத்து நாளுக்குள் வந்து நின்றுவிட்டாராம். மூடியைத் திறந்தார், மோந்தார், "சீல் வைங்கடா" என்றார். தாத்தா காலில் விழாத குறை. "சாமி, சீல் வைங்க, வேணாங்கல. அதுக்கு முன்னாடி பழைய வினிகர் ஒரு குடம் இதுல ஊத்திக்கிறேன். மூடிக்கு பதிலா, காத்து போற மாதிரி ஒரு துணியைக் கட்டி விட்டுடுங்க" என்றிருக்கிறார். அந்த அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, சரி என்று விட்டார். இரண்டு மாசம் கழித்து வந்து சீலை உடைத்து, ஒரு டம்ளர் மொண்டு, சாராயம் என்கிற தைரியத்தில் மடக்கென்று குடித்தாராம். இருமி முடிக்க அரைமணி நேரம் ஆனது. அதற்கப்புறம் அவர் வீட்டு ஊறுகாய்க்கு எங்கள் வினிகர்தான்.

போலீஸைவிடப் பெரிய தொல்லை வீட்டு ஆண்கள். அந்தப் பத்து நாளும் பீப்பாயில் அளவு குறையும். கேட்டால் வெயிலில் ஆவியாகிறது என்பார்கள். என் சின்ன மாமனார் பக்கத்தில் போனால் மட்டும் அதிகமாக ஆவியாகும். அதனால் ஒரு வழக்கம் வந்தது. அந்தப் பத்து நாளைக்குக் கொட்டகைச் சாவி பெண்கள் இடுப்பில். ஆண்பிள்ளை எவனும் உள்ளே போகக்கூடாது, அது எட்டு வயசுப் பிள்ளையாக இருந்தாலும் சரி, எண்பது வயசுக் கிழமாக இருந்தாலும் சரி. மோந்து பார்த்து, பக்குவம் சொல்லி, பழைய வினிகரை ஊற்றுவது எல்லாம் மருமகள்கள்தான். என் மூக்குக்குப் பேர் வந்தது இப்படித்தான்.

கடைசி அலசல்

தாத்தா காலத்தில் திராட்சை. நான் வந்த சமயத்தில் மாம்பழமும் சேர்ந்துகொண்டது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் தொழிற்சாலைகள் வந்தபிறகு, சீசனில் எங்கே பார்த்தாலும் பழம். மழையில் அடிபட்டு, சந்தையில் தள்ளுபடியான பழம் லாரியில் வந்து எங்கள் வாசலில் இறங்கும். அந்த இரண்டு மாசமும் ராயக்கோட்டை ரோட்டில் இருக்கிற ஈ எல்லாம் எங்கள் வீட்டில்தான் குடித்தனம்.

ஓசூரில் தொழிற்பேட்டை பெருக்கப் பெருக்க, ஷிப்ட் முடிந்து வருகிற பையன்களுக்காகத் தள்ளுவண்டி ஃபிரைடு ரைஸ் கடைகள் முளைத்தன. அவர்களுக்கெல்லாம் வினிகர் வேண்டும். அப்புறம் ஊறுகாய்க் கம்பெனிகள். மரப் பீப்பாய் போய் பெரிய பெரிய டேங்குகள் வந்தன. தொழில் நன்றாகத்தான் நடக்கிறது, கண் படாமல் இருக்கட்டும்.

எத்தனை மாறினாலும் எங்கள் வீட்டில் ஒன்று மாறவில்லை. எங்களுக்குச் சுத்தம் என்றால் வினிகர். தரை துடைக்கிற தண்ணீரில் ஒரு கை. பாத்திரம் கழுவினால் கடைசியில் ஒரு கை. துணி துவைத்தால், கடைசி அலசல் வினிகர் கலந்த தண்ணீரில்தான். கடையில் விற்கிற வெள்ளை வினிகரில் உயிர் கிடையாது. எங்களுடையதை டேங்கிலிருந்து அப்படியே மொள்வோம், மேலே பால் மாதிரி ஆடை கட்டியிருக்கும், அந்த ஆடைதான் அதன் உயிர். நல்ல சாராயத்தில் அது ஒரு துளி பட்டால் போதும், மொத்தத்தையும் வினிகர் ஆக்கிவிடும்.

கல்யாணமான புதிதில் எனக்கு இந்த வாசனையே ஆகாது. முதல் மாசம் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஆறாவது மாசம் அம்மா வீட்டுக்குப் போனபோது, "என்னடி இங்க துணியெல்லாம் நாறுது, அலசவே மாட்டீங்களா" என்று என் தங்கையைக் கேட்டேன். அவள் என்னை அடிக்க வந்தாள்.

பாதியில் நிறுத்துகிறவன்

நவீன் இந்த வீட்டில் வளர்ந்த பையன். அந்தப் பத்து நாளும் கொட்டகைக் கதவுக்கு வெளியே நின்று, "உள்ள என்னம்மா பண்றீங்க?" என்று உயிரை வாங்குவான். காலேஜில் படிக்கப்போனவன், இந்தப் புளிக்கவைக்கிற சங்கதியையே தேடிப் படித்தான். படித்து முடித்து, பெங்களூரில் பீர் காய்ச்சும் வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றான்.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. எட்டாவது நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, கோபம் வந்தால் வருகிற அவர் வீட்டுத் தெலுங்கில் ஒரு பாட்டம் திட்டினார். கடைசியாகத் தமிழுக்கு வந்து, "நாங்க மூணு தலைமுறையா கடைசி வரைக்கும் கொண்டுபோயி வினிகரா இறக்குறோம். நீ பாதியிலயே நிறுத்திக்கிறேங்கிற. சோம்பேறிடா நீ" என்றார்.

"பாதியில நிறுத்துறதுதாம்ப்பா கஷ்டம்" என்றான் அவன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்கும்தான், தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அவன் அந்த வேலையை எப்படி நேசித்தான் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அதே பேச்சுதான். அந்த வேலை போனால் இவன் உடைந்துபோவான். அதனால்தான் அன்றைக்கு அந்த டம்ளரில் எங்கள் வீட்டு வாசனை வந்ததும், வாயில் ஜலதோஷம் வந்துவிட்டது.

சரோஜா

என் புளுகு அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

கிரீஷ் டம்ளரை வாங்கி வைத்தார். "அப்போ வேற ஒண்ணுமில்ல, கழுவறதுலதான் கோளாறு" என்று தமிழும் கன்னடமுமாகச் சொல்லிவிட்டு, பின்னால் திரும்பினார். அங்கே கையில் பிரஷ்ஷோடு ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். டேங்க் கழுவுகிற சரோஜா.

"சரோஜா, இந்த சனிக்கிழமையோட நின்னுக்கோம்மா" என்றார்.

அவள் கத்தவில்லை, அழவில்லை. "சார், மூணு தடவை தேய்க்கறன் சார்" என்று மட்டும் சொன்னாள். பேச்சைக் கேட்டதும் நம்ம பக்கம் என்று தெரிந்துவிட்டது. எந்த ஊர் என்று கேட்டேன். சாமல்பட்டி என்றாள். அவள் கையைப் பார்த்தேன். சோடாவிலும் வெந்நீரிலும் ஊறி, விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. முப்பது வருஷம் டேங்க் கழுவின கை எனக்கும் இருக்கிறது. தேய்க்கிறவள் கைக்கும் ஏமாற்றுகிறவள் கைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நவீனை இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போனேன்.

"டேய், வீட்டுலேர்ந்து இங்க என்னடா கொண்டாந்த?"

"ஒண்ணுமே கொண்டாரலம்மா. சட்டைகூட இங்க வந்து மாத்திக்கிறேன். குளிச்சிட்டுத்தான் உள்ளயே வரேன்."

"நல்லா யோசிடா."

"சத்தியமா ஒண்ணுமில்லம்மா."

அப்போதுதான் அவன் தலைக்கு மேலே பார்த்தேன். ஒரு கம்பியில் வரிசையாக வெள்ளைத் துணிப்பைகள் காய்ந்துகொண்டிருந்தன. பன்னிரண்டு பை. எல்லாம் நான் தைத்தவை.

பீரில் கசப்புக்காக ஹாப்ஸ் என்று ஒரு காய்ந்த பூவைப் போடுகிறார்கள். அதைப் பையில் கட்டி டேங்குக்குள் இறக்குவார்களாம். கடைப் பை கிழிந்துவிடுகிறது என்று ஒரு தடவை இவன் சொன்னான். அவ்வளவுதானே, நல்ல காடாத் துணி எடுத்து, இரட்டைத் தையல் போட்டு நானே தைத்துக் கொடுத்தேன். கொடுத்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது.

"இதைக் கொதிக்க வெச்சியாடா?" என்றேன்.

"நீதான் அரைமணி நேரம் கொதிக்க வெச்சேன்னு சொன்னியே. அதனால வெந்நீர்ல ஒரு முக்கு முக்கி எடுத்தேன்."

கொதிக்க வைத்தேன், வாஸ்தவம். அரைமணி என்ன, முக்கால் மணி நேரம். அதற்கப்புறம் என்ன செய்தேன்? என் பிள்ளை வேலைக்கு எடுத்துப்போகிற துணியாயிற்றே, சுத்தபத்தமாக இருக்கட்டும் என்று, டேங்கிலிருந்து ஒரு சொம்பு வினிகரை மொண்டு, பன்னிரண்டு பையையும் ஒவ்வொன்றாக அதில் அலசி, கொட்டகைக்குப் பின்னால் காயப்போட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

சொன்னதும் அவன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

படிக்கு அடியில்

பைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "ம்மா, யாருக்கும் தெரிய வேணாம். பையை எடுத்துக் கொளுத்திடறேன். நாலாவது டேங்க் நல்லா வந்துடும். எல்லாம் சரியாயிடும்."

எனக்கு ஆசையாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், ரொம்ப ஆசையாக இருந்தது. பன்னிரண்டு துணிப்பை, ஒரு தீக்குச்சி. என் மகனுக்கு வேலை நிரந்தரம். வெளித் துணியைச் சோதிக்காமல் உள்ளே கொண்டுவந்தவன் அவன்தானே, தெரிந்தால் கிரீஷ் சும்மா விடுவாரா?

"நாலாவது நல்லா வந்துச்சுன்னா, சரோஜா போனதாலதான் நல்லா வந்துச்சுன்னு சொல்லுவாங்கடா" என்றேன்.

அவன் படியிலிருந்து எழுந்து நின்றான்.

"இனிமே எந்தக் கம்பெனியில போய்க் கேட்டாலும், டேங்க் கழுவத் தெரியாதவள்னு அவளுக்குப் பேரு. அந்தப் பேரை அவளுக்கு வாங்கிக் குடுத்தது என் ஒரு சொம்பு வினிகர். எனக்கு ராத்திரி சோறு இறங்காது."

நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் இவன் என்னைத் தாண்டிப் போய்விட்டான். கம்பியிலிருந்து பைகளை உருவிக்கொண்டு, நேராகக் கிரீஷ் முன்னால் போட்டான்.

"சார், சரோஜாக்கா மேல தப்பில்ல. இந்தப் பை எங்க வீட்டுலேர்ந்து வந்தது. இதுல வினிகர் இருக்கு. டெஸ்ட் பண்ணாம டேங்குல இறக்கினது நான்."

என் பேரை அவன் எடுக்கவே இல்லை.

"அலசினது நான்தாங்க" என்று பின்னாலேயே ஓடினேன். "ஜலதோஷமும் இல்லீங்க. மோந்ததுமே தெரிஞ்சிடுச்சு. பொய் சொல்லிட்டேன்."

கிரீஷ் ஒரு பையை எடுத்து மோந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. மறுபடி மோந்தார். அப்புறம் மூன்று டேங்கையும் ஒரு தடவை பார்த்தார். கோபம் வந்தது, வராமல் இருக்குமா? நவீனைப் பார்த்துக் கன்னடத்தில் பொரிந்து தள்ளினார். எனக்கு எல்லாம் புரிந்தது, இங்கே எழுத மாட்டேன். நான் பக்கத்தில் நிற்பது ஞாபகம் வந்து, "சாரி அம்மா" என்று நடுவில் ஒன்றைச் சொருகிவிட்டு மறுபடி திட்டினார்.

திட்டி ஓய்ந்து சொன்னது இது: நவீனுக்கு இப்போது நிரந்தரம் கிடையாது. இன்னும் மூணு மாசம் பார்ப்பார். வீட்டிலிருந்து ஒரு குண்டூசிகூட உள்ளே வரக்கூடாது. சரோஜா இருக்கலாம். இருக்கலாம் என்பதோடு விடாமல், அவளைக் கூப்பிட்டு, "தப்பு என்துதான்" என்றும் சொன்னார். அந்த மனுஷர் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

சரோஜாவுக்குத்தான் ஆத்திரம் தீரவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"ஏன்க்கா, ஒரு மாசமா நான் தேய்ச்ச தேய்ப்பு என்னா, வாங்குன பேச்சு என்னா! நீ ஒரு சொம்பை ஊத்திட்டு, ஜலதோஷம்னு வேற சொல்லிக்கினு நிக்கற?"

"திட்டிக்கோம்மா. நல்லா திட்டு" என்றேன்.

திட்டினாள். பிறகு அந்தப் பையை வாங்கி மோந்து பார்த்து, "இதா அந்த வாசனை?" என்றாள். கிரீஷுக்குப் பிடிபடாதது அவளுக்குப் பிடிபட்டது. "ஆமா, லேசா மாம்பழம் மாதிரி, பின்னால ஒரு காரம்" என்றாள். எனக்கு அவளை அப்படியே எங்கள் ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விடலாம் போல இருந்தது.

பார்சல்

நாலாவது டேங்க் நன்றாக வந்தது. ஐந்தாவதும் வந்தது. நவீன் வீட்டுக்கு வருகிறான், கொட்டகைப் பக்கம் மட்டும் போவதில்லை. எங்கள் வீட்டுக்காரர் இப்போது கொட்டகைக் கதவில் நின்றபடி, "பாதியில நிறுத்துறவரே, சௌக்கியமா?" என்று குரல் கொடுப்பார். இவனும் வீட்டு வாசலில் நின்றபடியே பதில் கொடுப்பான்.

ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. மூணு மாசம் இன்னும் முடியவில்லை. எங்கள் வாசனை எந்த ரூபத்தில் போய் நிற்குமோ யார் கண்டது?

பண்டிகைக்கு அவனால் வர முடியவில்லை. முறுக்கு சுட்டு, டப்பாவில் போட்டு, ஊர்க்காரப் பையன் ஒருவனிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் மத்தியானம் போன். சரோஜா.

"யக்கா, பார்சல் வந்துச்சு."

"முறுக்கு எப்பிடிடி இருந்துச்சு?"

"முறுக்கெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கேட்டுக்குள்ள விடல. இப்ப உள்ள எது வந்தாலும் நான் மோந்து பாத்துட்டுத்தான் விடணும்னு சார் சொல்லிக்கிறாரு. டப்பாவைச் சுத்தி ஒரு துணி கட்டியிருந்தியே, அதுல உங்க வீட்டு வாசனை."

தலையில் கை வைத்துக்கொண்டேன். கட்டியிருந்தேன். டப்பா உடையக்கூடாதே என்று ஒரு பழைய புடவைத் துண்டு. அலசித்தான் வைத்திருந்தேன்.

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, எல்லாரும் ரோட்டோரமா உக்காந்து தின்னுட்டு, கையக் கழுவிட்டு உள்ள போனோம். தம்பியும் ரோட்லதான். சாரும் ரோட்லதான்."

"துணி?"

"அத அங்கியே கொளுத்திட்டன்."

"அடிப்பாவி, நல்ல புடவைத் துணிடி அது!"

"இருந்துட்டுப் போவட்டும்" என்றாள் சரோஜா. "உன் பையனுக்கு வேலை நிக்கணுமா, வாணாவா?"

போனை வைத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தேன். அந்த மாசத்தில் அன்றைக்குத்தான் எனக்கு வயிறாரச் சோறு இறங்கியது.